ராணுவம் கழித்த லாரியை எரிபொருள் வண்டியாக மாற்றுதல்: ஓர் அறிமுகம்

பழுதாகிவிட்டது என்பதற்காக மட்டும் ராணுவங்கள் தங்கள் லாரிகளைக் கழிப்பதில்லை. புதிய தலைமுறை வண்டிகள் படைக்கு வந்து சேர்ந்ததும், இன்னும் நன்றாக ஓடக்கூடிய பழைய வண்டிகளும் கூட்டத்தோடு கூட்டமாக ஏலத்துக்கு வந்துவிடுகின்றன. கிடங்கில் நெடுங்காலம் நின்றே கழிந்த வண்டிகள் அவற்றில் பல. ஓடிய தூரம் குறைவு, சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம் கனமானது, எல்லாச் சக்கரங்களுக்கும் விசை போகும், மின்னணுக் கருவிகள் ஏறக்குறைய இல்லை, விலையும் மலிவு. சாலை முடிந்துவிடும் இடத்துக்கு அப்பாலும் எரிபொருள் கொண்டுபோக வேண்டிய பண்ணை, காட்டுப்பணி, சுரங்கம், கட்டுமானத் தளம் ஆகியவற்றை நடத்துவோரின் கண் இத்தகைய லாரிகள் மீது விழுவதில் வியப்பில்லை.

பின்னால் இருக்கும் சரக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு தொட்டியைத் தூக்கி வைத்தால் வேலை முடிந்தது என்று தொடக்கத்தில் எல்லோருக்குமே தோன்றும். தொட்டியை ஏற்றுவது ஒரு நாள் வேலைதான். ஆனால் கல்லும் மரமும் ஏற்றிய இடத்தில் கிடக்கும் சுமைகள்; எரிபொருளோ வண்டிக்குள்ளேயே ஓடும், வெயிலில் விரியும், ஆவியாகி வெளியேறும், குழாயில் பாயும்போது மின்னேற்றமும் பெறும். இந்த நான்கு குணங்களுக்கும் லாரியின் ஒவ்வொரு உறுப்பையும் இணங்க வைப்பதற்குப் பெயர்தான் மாற்றம். பணமும் உழைப்பும் பெரும்பாலும் அதில்தான் கரைகின்றன.

ராணுவங்களே இந்த வேலையைச் செய்து காட்டியிருக்கின்றன. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை பயன்படுத்திய ஜிஎம்சி சிசிகேடபிள்யூ என்ற ஆறு சக்கர இயக்க லாரியின் சேசிஸிலேயே எரிபொருள் டேங்கர்களும் கட்டப்பட்டன. அதற்குப் பின் 1950களில் வந்த எம்35 வரிசையில், அதே அடித்தளத்தின் மேல் 1,200 அமெரிக்க காலன், அதாவது சுமார் 4,540 லிட்டர் கொள்ளும் எம்49 என்ற எரிபொருள் வண்டி உருவானது. ஏலத்தில் ஒரு எம்49 கிடைக்குமானால் சாதாரண எம்35 ஒன்றை வாங்கி மாற்றுவதைவிட அதுவே மேல் என்பது என் கருத்து. ஆனால் பெரும்பாலும் கையில் சிக்குவது சரக்கு லாரிதான் என்பதால், அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

எம்35ஏ2 வகையில் உள்ள இயந்திரத்துக்குப் 'பல எரிபொருள் இயந்திரம்' என்று பெயர். டீசல், விமான எரிபொருள், தேவைப்பட்டால் பெட்ரோல் கலவை என எதை ஊற்றினாலும் ஓடும்படி வடிவமைக்கப்பட்டது அது. இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, பலவகை எரிபொருளைச் சுமக்கவும் இந்த லாரி ஏற்றது என்று நினைப்பவர்கள் உண்டு. இயந்திரம் எதை எரிக்கிறது என்பதற்கும் முதுகில் எதை ஏற்றலாம் என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இயந்திரத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது பிரேக். எம்35ஏ2 லாரியில் காற்றின் துணையோடு இயங்கும் எண்ணெய் பிரேக் இருக்கிறது; ஆனால் எல்லாச் சக்கரங்களுக்கும் எண்ணெய் போவது ஒரே சுற்றில்தான். எங்காவது ஒரு சக்கர உருளை கசிந்தாலும், ஒரு குழாய் துருப்பிடித்து வெடித்தாலும், ஆறு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். படைவீரர்களையோ பெட்டிகளையோ ஏற்றிய காலத்தில் அதை ஏற்றுக்கொண்டிருக்கலாம். பல ஆயிரம் லிட்டர் எரிபொருளோடு இறக்கத்தில் இறங்கப்போகும் வண்டியில் அதை அப்படியே விட்டுவைப்பது அறிவுடைமை ஆகாது. முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாகப் பிரிக்கும் மாற்று மாஸ்டர் சிலிண்டர்கள் (பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் உருளைகள்) கிடைக்கின்றன. தொட்டிக்கு முன்பாக அந்தச் செலவைச் செய்ய வேண்டும்.

டயர்களின் பொத்தான்கள் புதிதாகத் தெரிந்தாலும் அவற்றின் வயதைப் பார்த்தாக வேண்டும். 2000க்குப் பிறகு தயாரான டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்கக் குறி ஒன்று இருக்கும். 2309 என்றிருந்தால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஓடாமல் நின்ற டயரின் ரப்பரும் இறுகி விரிசல் விடும். அந்த விரிசல் சுமை ஏறிய பிறகுதான் வாயைத் திறக்கும். மேலும், இந்த லாரிகள் பலவற்றில் பவர் ஸ்டியரிங் கிடையாது, வேகமும் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டும் எண்ணம் இருந்தால் இங்கேயே நின்று வேறு வண்டி தேடுவது நல்லது.

எடைக் கணக்கு

தொட்டி விற்பவர் லிட்டரில் பேசுவார். லாரியின் தகட்டில் இருப்பதோ எடை. இரண்டையும் இணைப்பது அடர்த்தி. பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.74 கிலோ, டீசல் ஏறத்தாழ 0.84 கிலோ, தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே, ஒரே தொட்டியில் பெட்ரோலுக்குப் பதில் டீசல் நிரப்பினாலே சுமை எட்டில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

எம்35 லாரியின் ஏற்றுதிறனாக ராணுவம் இரண்டு எண்களைத் தருகிறது. சாலையில் 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,540 கிலோ. சாலையில்லாத கரடுமுரடான நிலத்தில் அதில் பாதி, சுமார் 2,270 கிலோ. 'இரண்டரை டன் லாரி' என்ற பெயர் அந்த இரண்டாவது எண்ணிலிருந்து வந்ததுதான். இப்போது 4,540 லிட்டர் தொட்டி நிறைய டீசல் நிரப்பினால் திரவம் மட்டும் 3,800 கிலோ வரும். சாலை வரம்புக்குள் அது அடங்குகிறது. நிலத்தில் இறங்கியவுடன் வரம்பை வெகுவாக மீறிவிடுகிறது. எந்த இடத்துக்குப் போவதற்காக இந்த லாரியைத் தேர்ந்தெடுத்தோமோ, அந்த இடத்தில்தான் அது குறைவாகச் சுமக்க வேண்டியிருக்கிறது என்பது முதலிலேயே மனத்தில் பதிய வேண்டிய உண்மை.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. சரக்குப் பெட்டியை இறக்கிவிட்டு, வெறும் சேசிஸை எடைமேடையில் நிறுத்தி, முன் அச்சுக்கும் பின் அச்சுகளுக்கும் தனித்தனியே எடை எடுக்க வேண்டும். தொட்டி, அதன் தாங்கிகள், பம்ப், ஹோஸ் சுருள், கருவிப்பெட்டி, ஓட்டுநர், உதவியாளர் ஆகிய எல்லாவற்றின் எடையையும் அதனோடு கூட்டி, அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து கழித்தால் எஞ்சுவதே எரிபொருளுக்கான பங்கு. அப்படி 1,900 கிலோ மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், டீசல் என்றால் சுமார் 2,260 லிட்டரும், பெட்ரோல் என்றால் சுமார் 2,560 லிட்டரும் ஏற்றலாம். தொட்டியின் அளவை இந்தக் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும். 'பெரிய தொட்டி இருக்கட்டும், குறைவாக நிரப்பிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால், அடுத்து வரும் பகுதியை அவர் படிக்கவில்லை என்று பொருள்.

தளும்பும் சுமை

நிறைகுடம் தளும்பாது என்ற பழமொழி டேங்கர் ஓட்டுபவர்களுக்கு அன்றாடப் பாடம். நிறைந்த தொட்டியில் திரவம் நகர இடமில்லை. வெறும் தொட்டியில் நகரத் திரவமில்லை. பாதி நிறைந்த தொட்டிதான் வண்டியைப் புரட்டும். பிரேக் அழுத்தும்போது லாரி வேகம் குறைகிறது, உள்ளே இருக்கும் இரண்டு டன் டீசல் குறைவதில்லை. அது முன்னே பாய்ந்து தொட்டியின் முன்சுவரில் மோதி, அங்கிருந்து திரும்பிப் பின்சுவருக்கு ஓடி, மீண்டும் முன்னே வரும். சந்திப்பில் முழுவதுமாக நின்றுவிட்ட வண்டியைக்கூட, தாமதமாக வந்து மோதும் அலை ஓரடி முன்னே தள்ளிவிடலாம்.

இதைத் தடுக்கத் தொட்டியின் உள்ளே குறுக்காகத் தடுப்புத் தகடுகள் வைக்கப்படுகின்றன. அவை முழுச்சுவர்கள் அல்ல. திரவமும் ஆவியும் கடந்து போகவும், சுத்தம் செய்ய ஆள் நுழையவும் அவற்றில் துளைகள் இருக்கும். அலை அந்தத் துளைகளின் வழியே புகுந்து வருவதற்குள் வலுவிழந்துவிடும். முழுச்சுவர் வைத்துத் தனித்தனி அறைகளாகப் பிரிப்பது இன்னொரு முறை. மேலே பார்த்த எடைச் சிக்கலுக்கும் அதுவே விடை: கரடுமுரடான வழியில் போகும் நாளில் ஓர் அறையை முழுவதும் நிரப்பி, மற்றதை முழுவதும் காலியாக விட்டால், எடையும் குறைகிறது, தளும்பலும் இல்லை. எந்த அறையைக் காலியாக விடுவது என்பதை அச்சுகளின் எடையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பின் அறையை மட்டும் நிரப்பினால் முன் சக்கரங்கள் இலேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறைந்துவிடும்.

குறுக்குத் தகடுகள் முன்பின் ஓட்டத்தை மட்டுமே அடக்கும். வளைவில் திரவம் பக்கவாட்டில் ஏறுவதை அவை தடுப்பதில்லை. ராணுவ லாரிகளின் சேசிஸ் ஏற்கெனவே உயரமானது. அதன்மேல் உருண்டைத் தொட்டியை வைத்தால் ஈர்ப்பு மையம் இன்னும் மேலே போகும். அகலமாகவும் உயரம் குறைவாகவும் உள்ள நீள்வட்டத் தொட்டிகள் லாரிகளில் அதிகம் காணப்படுவதற்குக் காரணம் இதுதான். எந்தத் தொட்டியாக இருந்தாலும், வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைப்பதைத் தவிர ஓட்டுநருக்கு வேறு வழியில்லை.

முறுக்கும் சேசிஸும் முறுக்காத தொட்டியும்

ராணுவ லாரியின் சேசிஸ் ஏணி வடிவில் இரண்டு நீளச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் கொண்டது. முன் இடச்சக்கரம் மேட்டிலும் பின் வலச்சக்கரம் மேட்டிலுமாக ஏறும்போது அந்த ஏணி முறுக்கிக்கொள்கிறது. அது குறையல்ல, எல்லாச் சக்கரங்களும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் மூடிய உருளை வடிவத் தொட்டி முறுக்கவே முறுக்காது. முறுக்கும் ஒன்றின் மேல் முறுக்காத ஒன்றை நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கினால், அந்த இழுபறி வெல்டிங் கூடும் இடத்தில் போய் முடியும். முதலில் மயிரிழை விரிசல், அடுத்து ஈரக்கறை, அதற்கடுத்துச் சொட்டு.

ஆகவே தொட்டியை நேரடியாகச் சேசிஸில் வைக்காமல், அதற்கென ஒரு துணைச்சட்டம் செய்து, பின்புறம் மட்டும் அசையாமல் பிணைத்து, முன்புறத்தில் வலுவான சுருள்வில் போட்ட நீள போல்ட்டுகளால் பிடித்துவைக்கிறார்கள். சேசிஸ் முறுக்கும்போது முன்பக்க வில் அமுங்கித் துணைச்சட்டம் சற்றே மேலெழும். சமதரைக்கு வந்ததும் மீண்டும் அமரும். முன்னால் நடுவில் ஒரே மூட்டும் பின்னால் இரண்டும் வைத்து மூன்று புள்ளிகளில் தாங்குவது இன்னொரு வழி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சேசிஸின் நீளச் சட்டங்களின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடுவதையும் வெல்டிங் வைப்பதையும் தவிர்க்க வேண்டும்; வளையும்போது மிகுந்த இழுப்பையும் அழுத்தத்தையும் தாங்குவது அந்த விளிம்புகள்தாம்.

தொட்டியும் அதன் வாய்களும்

புதிதாகச் செய்வதென்றால் மென்எஃகு, துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம் ஆகிய மூன்றுமே ஏற்றவை. துத்தநாகப் பூச்சுள்ள தகடு கூடாது. டீசல் அதனோடு வினைபுரிந்து உண்டாக்கும் படிவுகள் வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் அடைத்துவிடும். பழைய தண்ணீர்த் தொட்டிகள் மலிவாகக் கிடைப்பதால் ஆசை காட்டும். தண்ணீரின் எடையைத் தாங்கிய தொட்டி எரிபொருளின் எடையை நிச்சயம் தாங்கும் என்றாலும், அதன் மூடி, ரப்பர், காற்றுவழி, வால்வு எதுவும் எரிபொருளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். நைட்ரைல் ரப்பரோ அதைவிட உயர்ந்த ஃபுளோரோ ரப்பரோ தேவை. இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் ஆயிரம் லிட்டர் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டிகளை லாரியில் வரிசையாக அடுக்கிவிடலாமே என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. பெட்ரோலுக்கு அது கூடவே கூடாது: மின்னேற்றம் வெளியேற வழியற்ற பிளாஸ்டிக் அது, நெருப்புப் பட்டால் உருகி மொத்தத்தையும் தரையில் கொட்டிவிடும்.

தொட்டியை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பம் கூடினால் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு விரிகிறது, டீசல் அதைவிடச் சற்றுக் குறைவாக. நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக ஏற்றிய 4,000 லிட்டர் பெட்ரோல் வெயிலில் 20 டிகிரி சூடேறினால் 75 லிட்டருக்கு மேல் கூடிவிடும். அதற்கு இடம் வேண்டும் என்பதால் 95 முதல் 97 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

தொட்டி மூச்சுவிடவும் வேண்டும். திரவம் வெளியேறும்போது உள்ளே காற்று வராவிட்டால், வெளிக்காற்றின் அழுத்தமே தகட்டை உட்புறமாக நசுக்கிவிடும். திறந்த குழாய் ஒன்றை மேலே வைத்துவிட்டால் மூச்சுவிடும்தான். ஆனால் வண்டி கவிழ்ந்தால் அந்தக் குழாயே கொட்டும் வாயாகிவிடும். எனவே அழுத்தம் கூடினால் வெளிப்புறமாகவும், குறைந்தால் உட்புறமாகவும் திறந்து, கவிழ்ந்தால் தானே அடைத்துக்கொள்ளும் வால்வு பொருத்த வேண்டும். தீயில் சூழப்பட்டால் பெருமளவு ஆவியை விரைந்து வெளியேற்றத் தனியாக ஓர் அவசர வழியும் தேவை.

வெளியேற்றும் குழாயின் முதல் வால்வு தொட்டிக்கு வெளியே தொங்கக் கூடாது. அது தொட்டியின் அடித்தகட்டுக்கு உட்புறமாக அமர்ந்திருக்க வேண்டும். பின்னால் ஒரு வண்டி மோதியோ பாறையில் உரசியோ குழாய் முறிந்து போனாலும் அடைப்பு உள்ளேயே பத்திரமாக இருக்கும் என்பதே காரணம். அந்த வால்வைத் தொலைவிலிருந்து மூட ஒரு கைப்பிடியும், தீயில் உருகி வால்வைத் தானாக மூடச்செய்யும் இணைப்பும் வைப்பது நல்ல டேங்கர்களின் இலக்கணம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இந்த வால்வில்தான் என்பது வருத்தத்துக்குரியது.

ஆவி, பொறி, மின்னேற்றம்

எரிவது திரவமன்று, அதிலிருந்து எழும் ஆவி. பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகிறது. டீசலுக்கு வழக்கமாக 50 டிகிரிக்கு மேல் வேண்டும். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் அது பற்றும். குறைந்தாலும் மிகுந்தாலும் பற்றாது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கி, எதிர்பாராத தூரத்தில் நெருப்பைச் சந்திக்கும். இந்த வேறுபாடுகளை வைத்துத்தான், முதன்முதலாக மாற்றம் செய்பவர்கள் டீசலோடு நின்றுகொள்ள வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

லாரியில் பொறி எழும் இடங்கள் பல. எம்35ஏ2 வகையில் பெரும்பாலும் புகைக்குழாய் ஓட்டுநர் அறையை ஒட்டிச் செங்குத்தாக நிற்கிறது; அதற்கு நேர் பின்னே தொட்டியின் முன்முகம். அந்தக் குழாயை முன்னே திருப்பி வெப்பத்தடுப்பும் பொறியடக்கியும் பொருத்துவதோடு, ஓட்டுநர் அறைக்கும் தொட்டிக்கும் இடையே முழு அகலத்துக்கு உலோகத் தடுப்பு ஒன்றும் வேண்டும். இருபத்துநான்கு வோல்ட் பழைய வயரிங்கில் உறை வெடித்துச் செம்பு தெரியும் இடங்கள் நிச்சயம் இருக்கும். அறைக்குப் பின்னால் போகும் எல்லாக் கம்பிகளையும் புதிதாக மாற்றி, குழாய்க்குள் செலுத்தி, பேட்டரியை ஒரே இழுப்பில் துண்டிக்கும் சுவிட்சை ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். டீசல் இயந்திரத்துக்கு இன்னொரு விநோத ஆபத்தும் உண்டு: கசிந்த ஆவியைக் காற்றோடு உறிஞ்சிக்கொண்டால், சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும் அது வெளியாவியையே எரித்து மேலும் மேலும் வேகமெடுக்கும். காற்றுவழியையே அடைக்கும் வால்வு ஒன்றுதான் அப்போது அதை நிறுத்தும்.

கண்ணுக்குத் தெரியாத பொறி நிலைமின்சாரம். எரிபொருள் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். குழாயிலும் வடிகட்டியிலும் உரசிப் பாயும்போது சேரும் மின்னேற்றம் தொட்டிக்குள் போனபின் எளிதில் கலைவதில்லை. பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் நாலில் ஒரு பங்கு ஆற்றல்கூடப் போதும்; விரல் நுனியில் சுரீரென்று தைக்கும் பொறியில் அதைவிடப் பன்மடங்கு இருக்கும். ஆகவே, மேன்ஹோல் மூடியைத் திறப்பதற்கு முன்பே, நிரப்பும் குழாயையும் லாரியின் உலோக உடலையும் ஒரு செப்புக்கம்பியால் இணைத்து, இரண்டையும் ஒரே மின்னிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிடிப்பான் வண்ணப்பூச்சின் மேல் உட்கார்ந்தால் பயனில்லை. சுரண்டிய வெறும் உலோகத்தில், அதற்கென வைத்த பித்தளைக் குமிழில் கடிக்க வேண்டும். வேலை முடிந்து மூடியை அடைத்த பிறகே கம்பியைக் கழற்றலாம்.

நிரப்பும் வேகமும் இதில் சேர்ந்தது. மேலிருந்து அருவிபோல் கொட்டினால் தெறிப்பிலேயே மின்னேற்றம் பெருகும். நிரப்பும் குழாய் தொட்டியின் அடி வரை நீள வேண்டும்; அதன் நுனி திரவத்தில் மூழ்கும் வரை ஓட்டம் நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. எழுபத்தைந்து மில்லிமீட்டர் குழாயில் அது நிமிடத்துக்கு சுமார் 265 லிட்டர். மூழ்கிய பிறகு வேகத்தைக் கூட்டலாம். நிரப்பி முடிந்ததும் உடனே அளவுகோலை உள்ளே விடாமல், மின்னேற்றம் அடங்கச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. பெட்ரோல் ஏற்றிய தொட்டியைக் காலி செய்துவிட்டு அதிலேயே டீசல் ஏற்றுவது பாதுகாப்பான பக்கம் போவதுபோல் தோன்றும். உண்மையில் ஏற்றும் வேலையிலேயே மிக ஆபத்தானது அதுதான். மூடிய தொட்டியில் பெட்ரோல் இருக்கும்போது மேலே உள்ள ஆவி பற்றும் எல்லையைத் தாண்டி மிகுந்திருப்பதால் பொதுவாக எரிவதில்லை. அதில் டீசல் பாயும்போது, டீசல் அந்தப் பெட்ரோல் ஆவியை உறிஞ்சிக் கரைத்துக்கொள்கிறது. செறிவு இறங்கி, பற்றும் எல்லைக்குள் வந்து நிற்கிறது. அதே நேரத்தில் கந்தகம் நீக்கிய இக்காலத்து டீசல் மின்னேற்றத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. எரியும் கலவையும் பொறியும் ஒரே நொடியில் ஒரே இடத்தில் கூடுகின்றன. ஒரு தொட்டிக்கு ஒரு எரிபொருள் என்று வைத்துக்கொள்வது இதனால்தான். மாற்றியே தீர வேண்டுமானால் தொட்டியை ஆவி நீங்கச் சுத்தம் செய்த பிறகே மாற்ற வேண்டும்.

இதே காரணத்தால், பழைய எரிபொருள் தொட்டியில் வெல்டிங் வைப்பதை அதற்கெனப் பயிற்சியும் ஆவிமானியும் உள்ளவர்களிடமே விட வேண்டும். தகட்டின் மடிப்பிலும் துருவின் அடியிலும் ஒளிந்திருக்கும் சில துளிகள், சூடு பட்டவுடன் ஆவியாகி, காலி என்று நினைத்த தொட்டியைக் குண்டாக்கிவிடும்.

பம்பும் ஹோஸும்

வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை) ஓட்டுவதற்காகக் கியர்பாக்ஸிலிருந்து விசை எடுக்கும் வசதி இந்த லாரிகளில் ஏற்கெனவே இருப்பதால், பம்பையும் அதைப்போன்ற விசை எடுப்பியால் ஓட்டலாம். பல்சக்கர பம்ப் என்றால், முனையை மூடியிருக்கும்போது ஹோஸ் வெடிக்காமல் இருக்கத் திரவத்தைத் திருப்பி அனுப்பும் வால்வு அவசியம். மின்பம்ப் என்றால் எரிபொருளுக்கெனச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி, அளவுமானி, மின்கடத்தும் கம்பி உள்ளே ஓடும் எரிபொருள் ஹோஸ் ஆகியவற்றோடு இந்தப் பகுதி முடிந்துவிடும். மற்றவற்றோடு ஒப்பிட்டால் இது எளிய வேலை.

விதிகள்

பெரும்பாலான நாடுகளில் எரிபொருளைச் சாலையில் கொண்டுபோவது அபாயகரப் பொருள் போக்குவரத்து என்ற தலைப்பில் கட்டுப்படுத்தப்படுகிறது. 1957இல் ஜெனீவாவில் உருவான ஏ.டி.ஆர். உடன்படிக்கையை ஐரோப்பிய நாடுகளும் வேறு பல நாடுகளும் பின்பற்றுகின்றன. அமெரிக்காவில் சாலை எரிபொருள் தொட்டிக்கான தற்போதைய விவரக்குறிப்பு டாட் 406. உலகெங்கும் பொதுவானது ஐ.நா. எண்: பெட்ரோல் 1203, டீசல் 1202, மண்ணெண்ணெய் 1223. ஏ.டி.ஆர். முறையில் இந்த எண்ணுக்கு மேலே அபாய எண்ணும் ஆரஞ்சுப் பலகையில் இருக்கும். பெட்ரோலுக்கு 33, டீசலுக்கு 30. தீயணைப்பு வீரர்கள் தொலைவிலிருந்தே அதைப் படித்து என்ன எரிகிறது என்று அறிந்துகொள்வார்கள். ஏழரை டன்னுக்கு மேற்பட்ட வண்டியில் மொத்தம் 12 கிலோ உலர்தூள் தீயணைப்பான் இருக்க வேண்டும் என்கிறது அதே உடன்படிக்கை.

ராணுவத்தில் இருந்தபோது இந்த லாரி குடிமக்களுக்கான விதிகளுக்கு வெளியே ஓடியது. கழித்து வெளியே வந்தவுடன் அந்தச் சலுகை போய்விடுகிறது. எம்49 ஒன்றை அப்படியே வாங்கினாலும், அதன் தொட்டியில் குடிமைப் பயன்பாட்டுக்கான சான்றுத்தகடு இல்லாமல் போகலாம். தகடு இல்லாத தொட்டியைப் பொதுச்சாலையில் எரிபொருளோடு ஓட்ட அனுமதி கிடைப்பது மிகக் கடினம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் சான்றளிக்கும் அலுவலரைச் சந்தித்து, வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிடுவது முறை. அவர் மறுத்தால், சொந்த நிலத்துக்குள் இயந்திரங்களுக்கு டீசல் கொண்டுபோகும் வண்டியாக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். உண்மையில் இந்த லாரிகள் தம் திறமையைக் காட்டும் இடமும் அதுதான்.

முதல் ஓட்டத்துக்கு முன்

எல்லாம் பொருத்தி முடிந்ததும் எரிபொருளுக்குப் பதில் முதலில் தண்ணீரை நிரப்பிப் பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்திவைத்த நிலையில், தொட்டியை மெல்ல மெல்ல நிரப்பி, ஒவ்வொரு வெல்டிங் கோட்டையும் உலர்ந்த துணியால் துடைத்து ஈரம் பார்க்கலாம். தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால், முழுத் தொட்டித் தண்ணீரோடு ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். எடை வரம்புக்குள் வரும் அளவுக்கு இறக்கிவிட்டு, காலி மைதானத்தில் குறைந்த வேகத்தில் பிரேக் அழுத்தினால், தடுப்புத் தகடுகள் வேலை செய்கின்றனவா என்பது ஓட்டுநரின் முதுகுக்கே தெரியும். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தைக் கட்டையின் மேல் ஏற்றி நிறுத்தி, முன்பக்க வில் அமுங்குகிறதா, தொட்டியோ குழாயோ சேசிஸில் எங்கேனும் உரசுகிறதா என்று கீழே படுத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீரை வடித்தபின் தொட்டியின் அடியில் ஒரு துளிகூட நிற்கக் கூடாது. டீசலுக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட எல்லையில்தான் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருஞ்சளியாகத் திரளும். துடைத்து உலர்த்தி, வடிகட்டியை மாற்றி, முதல் சுமையாகச் சிறிதளவு டீசல் ஏற்றி, அதை முதல் வடிகட்டிக் குப்பிக்குள் பார்த்தால் பட்டறையின் இரும்புத்தூள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். தாங்கி போல்ட்டுகள் முதல் சில பயணங்களில் தளர்வது இயல்பு. ஒவ்வொன்றிலும் மரையையும் தகட்டையும் சேர்த்து வண்ணக்கோடு ஒன்று இழுத்துவைத்தால், ஸ்பேனர் எடுக்காமலே எது நகர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் கண்டுபிடிக்கலாம்.